வாடகைக் காரில் ஏலகிரி, செவ்வாத்தூர், ஜவ்வாது மலை: ஒரு சனிக்கிழமை

எங்கள் வீட்டில் கார் கிடையாது. ஓட்டத் தெரியும், உரிமம் இருக்கிறது, ஆனால் சத்துவாச்சாரியில் நாங்கள் இருக்கும் தெருவில் காரை நிறுத்த இடமில்லை. அதனால் பொங்கல் முடிந்த முதல் சனிக்கிழமைக்கு, காட்பாடிப் பக்கம் உள்ள ஒரு செல்ஃப் டிரைவ் நிறுவனத்தில் வேகன் ஆர் ஒன்றை 24 மணி நேரத்துக்கு எடுத்தேன். 300 கிலோமீட்டர் வரை 2,200 ரூபாய், அதற்கு மேல் போனால் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய், முன்பணம் 5,000. டிரைவரோடு வரும் காருக்கு முன்பே விசாரித்திருந்தேன். மலை ஏறும் கட்டணம், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து 5,800 சொன்னார்கள். எனக்குப் பணம்கூட இரண்டாவது கணக்குதான். நான் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். வழியில் ஒரு பாறையைப் பார்த்தால் வண்டியை ஓரம் கட்டி இறங்க வேண்டும். டிரைவர் பொறுமையாக இருந்தாலும், அவரைக் காக்க வைக்கிறோமே என்று நமக்கே மனசு கேட்காது.

கூட வந்தவர்கள் இருவர். ஒன்று என் அம்மா, வயது 71, முழங்கால் வலி. இன்னொன்று ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி மகன்.

முதலில் வண்டி எடுத்த கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். செல்ஃப் டிரைவுக்கென்று பதிவான வண்டியில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். சொந்த உபயோக வண்டியை, அதாவது வெள்ளைப் பலகை வண்டியை, வாடகைக்குத் தருவது சட்டப்படி செல்லாது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கைவிரித்துவிடுவார்கள். 300 ரூபாய் குறைவு என்று எனக்கும் ஓர் இடத்தில் வெள்ளைப் பலகை வண்டியைக் காட்டினார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். நான் கடைசியில் எடுத்த இடத்தில் பலகை சரி, ஆர்சி சரி, இன்ஷூரன்ஸ் தேதி சரி. வண்டியைச் சுற்றி வந்து வீடியோ எடுக்கச் சொல்லி அந்தப் பையனே நினைவுபடுத்தினான். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனால் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை அழுத்திப் பார்த்தால், அது பஞ்சு மூட்டை மாதிரி உள்ளே போகிறது. இந்த வண்டியோடு மலைக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் பதிவு செய்திருந்தேன். காற்று அடித்து வர முக்கால் மணி நேரம் ஆனது. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வெளியே வர வேண்டிய வண்டி, பத்துக்குத்தான் வீட்டு வாசலுக்கு வந்தது.

விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். பெங்களூர் சாலையில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டும்போது இன்னும் இருட்டு. ஆம்பூர் வரும்போது வெளுத்தது. ஆம்பூரைக் காலை ஆறரைக்குத் தாண்டுகிறவன் பாவம். பிரியாணி அண்டா அடுப்பில் ஏறக்கூட இல்லை. வாணியம்பாடியில் இட்லி, வடை. அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மலை ஏறும்போது மோந்து பார்க்க.

பொன்னேரியில் திரும்பினால் ஏலகிரி மலைச்சாலை. 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். தம்பி மகனை ஒவ்வொரு பெயராகப் படிக்கச் சொன்னேன். யார் எந்த வள்ளல், யாருக்கு எதைக் கொடுத்தார் என்று பின்சீட்டிலிருந்து அம்மாதான் சொல்லிக்கொண்டு வந்தார். ஐந்தாவது வரைதான் படித்தவர். பாரியின் தேரையும் பேகனின் போர்வையையும் அவர் சொன்ன அழகில் எலுமிச்சம்பழம் மடியிலேயே கிடந்தது.

சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். குறுகலான மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். அது மரியாதை மட்டுமல்ல, சாலை விதியிலேயே இருக்கிறது. இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, கடைசி வளைவில் பிடிக்காமல் போகும். வேகன் ஆர் மூன்று பேரோடு இரண்டாவது கியரில் அலுக்காமல் ஏறியது. ஒரு வளைவில் மட்டும் எதிரே பேருந்து வந்ததால் நிறுத்தி, முதல் கியரில் எடுக்க வேண்டியிருந்தது. அங்கே கைப்பிரேக் நன்றாகப் பிடித்தது. வாடகை வண்டியில் நான் கவலைப்பட்டது அதைத்தான்.

மேலே அத்தனாவூர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். புங்கனூர் ஏரி, படகு, பூங்கா எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூட்டமில்லாத காலை நேரத்தில் ஏரியைச் சுற்றி நடக்க நன்றாக இருந்தது, அவ்வளவே. நான் மலை ஏறியது அதற்காக இல்லை.

ஏலகிரிச் சாலையை வெட்டிய இடங்களில் பாறையின் உட்பக்கம் வெளியே தெரியும். மழையில் கறுத்த வெளித்தோலைப் பார்த்து ஏமாறக்கூடாது. புதிதாக உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டினேன். கைக்கு அடக்கமான ஒரு சில்லை எடுத்து வெயிலில் திருப்பினால், வெளிறிய ரோஜா நிறத்தில் கட்டம் கட்டமாகப் படிகங்கள், சில பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளிச்சென்று மின்னும். அது ஃபெல்ஸ்பார் என்ற கனிமம். நடுநடுவே மிளகைத் தட்டிப் போட்ட மாதிரி கறுப்புப் புள்ளிகள். பார்க்க கிரானைட் போலவே இருக்கும். ஆனால் கிரானைட்டில் தாராளமாக இருக்கும் குவார்ட்ஸ் இதில் அநேகமாக இல்லை. இந்தப் பாறைக்கு சயெனைட் என்று பெயர்.

“சயனைடா? விஷமா அத்தே?” என்றான் தம்பி மகன், சில்லைக் கீழே போட்டுவிட்டு.

வகுப்பில் வருஷா வருஷம் கேட்கும் கேள்விதான். எகிப்தில் இன்று அஸ்வான் என்று சொல்லும் ஊருக்குப் பழைய பெயர் சயெனி. அந்த ஊர்ப் பெயரில் வந்தது, விஷத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். அடுத்த கேள்வி: “அப்போ இது எரிமலையா?”

இல்லை. ஆனால் எரிமலைக்கு உறவு. பூமிக்கு அடியில் உருகிக் கிடந்த பாறைக்குழம்பு மேலே ஏறி வந்து, தரைக்கு வராமல் ஆழத்திலேயே தங்கி, மெல்ல மெல்ல ஆறிய இடம் இது. மெல்ல ஆறியதால்தான் படிகம் இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது. கக்கி வழிந்து சட்டென்று ஆறியிருந்தால் கண்ணுக்கே தெரியாத பொடிப் படிகமாகப் போயிருக்கும். இது நடந்து ஏறக்குறைய 75 கோடி ஆண்டுகள். அதற்குப் பிறகு மேலே மூடியிருந்த பாறையெல்லாம் மழையிலும் காற்றிலும் தேய்ந்து போக, அடியில் ஆறிக் கிடந்தது இன்று மலையாக நிற்கிறது. நாம் வார விடுமுறைக்குப் போய்க் குளிர்காற்று வாங்கும் இடம் ஒருகாலத்தில் தரைக்கு வெகு கீழே கொதித்துக் கிடந்தது. பாடப்புத்தகத்தில் எரிமலை என்றால் இத்தாலி, ஜப்பான் என்றுதான் பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஜோலார்பேட்டையில் ரயில் மாறும்போது தலையை நிமிர்த்தினால் தெரியும் மலையைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. இந்த வருத்தம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. இந்தப் பயணத்துக்கே காரணம் அதுதான்.

பத்து மணிக்கு இறங்கி, ஜோலார்பேட்டை வழியாகத் திருப்பத்தூர். அங்கிருந்து செவ்வாத்தூர். சுற்றுலாப் பட்டியல் எதிலும் இந்த ஊரைப் பார்க்க முடியாது. மாந்தோப்பு, நிலக்கடலை அறுத்த காடு, வேப்பமரம். ஆனால் உலகம் முழுக்கப் பாறை படிக்கிறவர்களுக்கு செவ்வாத்தூர் தெரியும். இங்கே உள்ளது கார்பனடைட். சாதாரணமாகப் பாறைக்குழம்பு என்றால் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் சத்து, நிறைந்திருக்கும். இது கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் சத்து, நிறைந்த குழம்பு ஆறியது. ஏலகிரி உருவான அதே காலத்தை ஒட்டித்தான் இதுவும். இன்றைக்கும் இந்த வகைக் குழம்பைக் கக்கும் எரிமலை உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது, ஆப்பிரிக்காவில் தான்சானியாவில், ஓல் டோயின்யோ லெங்காய். அங்கே போய்ப் பார்க்க நமக்கு வழியில்லை. திருப்பத்தூருக்குப் போக வழி இருக்கிறது.

இந்த ஊரில்தான் தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமின் வெர்மிகுலைட் வெட்டி எடுக்கிறது. சுரங்கத்துக்குள் அனுமதியில்லாமல் போகக்கூடாது, நாங்களும் போகவில்லை. சாலையோரம் ஒரு டீக்கடையில் நிறுத்தி, கல்லைப் பற்றி விசாரித்தேன்.

“இன்னா டீச்சர், பொரிக்கல்லா கேக்கறீங்க?” என்றார் கடைக்காரர். டீச்சர் என்று எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் கடைக்குப் பின்னால் போய், மண்ணிலிருந்து விரல் நகம் அளவு செதில்கள் நாலைந்து பொறுக்கி வந்தார். தேன் நிறத்துக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரு நிறம். அபிரகம் (மைக்கா) மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது. நகத்தால் நெம்பினால் ஏடு பிரிகிறது. ஒரு பழைய இரும்புக் கரண்டியில் போட்டு, கேஸ் அடுப்பின் நீலத் தீயில் நேராகக் காட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. கரண்டி சிவக்க ஆரம்பித்ததும் ஒரு செதில் அசைந்தது. அப்புறம் அட்டைப்பூச்சி உடம்பை நீட்டுவது மாதிரி, மெதுவாக வளைந்துகொண்டே மேல்நோக்கி நீண்டது. ஒன்று, இரண்டு, எல்லாம் நீண்டு புரண்டு கரண்டி நிறைந்துவிட்டது. ஏடுகளுக்கு இடையில் இருக்கும் நீர் சூட்டில் ஆவியாகி ஏட்டைப் பிரித்துத் தள்ளுவதால் நடப்பது இது. லத்தீனில் புழு என்பதற்கான சொல்லிலிருந்துதான் வெர்மிகுலைட் என்ற பெயரே வந்தது. நர்சரியில் செடி வாங்கினால் தொட்டி மண்ணில் பொன்னிறத்தில் லேசாக, நுரை மாதிரி கலந்திருக்குமே, அது இப்படிப் பொரித்ததுதான்.

ஆறியதும் என் உள்ளங்கையில் கொட்டினார். கனமே இல்லை. மூச்சு விட்டால் பறக்கிறது. இருபது வருஷமாக இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். டீக்குப் பணம் வாங்கிக்கொண்டார், கரண்டிக்கு வாங்கவில்லை. அம்மா, “நல்லா இருப்பா” என்று சொல்லி, ஏலகிரியில் வாங்கிய வாழைப்பழத்தில் நாலைந்தை அவர் கையில் வைத்துவிட்டு வந்தார்.

செல்ஃப் டிரைவுக்கு நான் கொடுத்த காசு அந்த அரை மணி நேரத்திலேயே செரித்துவிட்டது.

திருப்பத்தூரில் மதியச் சாப்பாடு. சுமார்தான், ரசம் மட்டும் நன்றாக இருந்தது. சந்தனக் கிடங்கு இருக்கும் ஊர் இது. ஜவ்வாது மலைச் சந்தனம் இங்கே வந்துதான் ஏலத்துக்குப் போகும். ஆலங்காயத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டேன். அடுத்து மலைமேல் பங்க் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கைபேசி சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலங்காயத்திலிருந்து காவலூர் போகும் காட்டுச்சாலை இந்தப் பயணத்தில் ஓட்டுவதற்கு மிக இனிமையான பகுதி. ஏலகிரி போல வளைவுக்கு வளைவு மல்லுக்கட்ட வேண்டாம். மெல்ல ஏறும், மரம் அடர்த்தி, வண்டி குறைவு. குரங்குகளுக்குத் தின்ன எதுவும் போடாதீர்கள், சாலைக்கே வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம். 725 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் காடு. ஊர் வெளிச்சம் அண்டாது. பூமத்திய ரேகைக்குப் பக்கமாக இருப்பதால் தென்பகுதி வானத்திலும் நிறையப் பார்க்கலாம். அதனால்தான் இந்த இடம். இங்கே உள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972-இல் வந்தது. அதை வைத்து 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயத்தைப் பதிவு செய்தார்கள். 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி நம் நாட்டிலேயே செய்தது. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அப்போது ஆசியாவின் மிகப் பெரிய தொலைநோக்கிகளில் அதுவும் ஒன்று. அதற்காக உழைத்த வானியலாளர் வைணு பாப்பு 1982-இலேயே காலமாகிவிட்டார், பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுகிறார்கள். நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். நாங்கள் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததே இதற்காக. பெரிய கூண்டுக்குள் நிமிர்ந்து நின்றபோது தம்பி மகன் வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும் கேட்டான்: “காலைல பாத்தது பூமிக்கு அடியில, இப்ப பாத்தது வானத்துல. நடுவுல இருக்கறத எப்ப காட்டுவே?” இரவு வானம் பார்க்க இருக்க எங்களால் முடியவில்லை, வண்டியைத் திருப்பித்தர வேண்டும். அது ஒரு குறைதான். 24 மணி நேரக் கணக்கில் எடுத்தால் இந்தச் சுற்றில் இரவு வானம் கிடைக்காது. 36 மணி நேரம் எடுத்து ஜமுனாமரத்தூரில் ஓர் இரவு தங்குவதுதான் சரி.

ஜமுனாமரத்தூருக்கு நாலு மணிக்குப் போனோம். பீமன் அருவிக்குப் போகவில்லை, அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது. கடைத்தெருவில் சாமையும் தேனும் வாங்கினோம். சாமை விற்ற பாட்டி, அளந்து போட்டுவிட்டுப் பையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே சொன்னார்: “குக்கர்ல வெக்காத கண்ணு. களியா பூடும். அர மணி ஊற வெச்சு, ஒலையில போட்டு வடி.” அடுத்த நாள் அப்படியே செய்தேன். உதிரி உதிரியாக, மொச்சைக் குழம்புக்கு அவ்வளவு பொருத்தம்.

ஐந்தரைக்கு போளூர் பக்கம் இறங்க ஆரம்பித்தோம். இங்கேதான் வண்டியின் ஒரு குறை தெரிந்தது. இடதுபக்கக் கண்ணாடி தளர்ந்திருந்தது. குழி விழுந்த இடத்தில் ஆடி, முகத்தைத் தரைக்குத் திருப்பிக்கொள்கிறது. வெளிச்சம் மங்கும் நேரத்தில், பள்ளம் இடதுபக்கம் இருக்கும் சாலையில், அந்தக் கண்ணாடி இல்லாமல் ஓட்டுவது எனக்குப் பயமாக இருந்தது. முன்சீட்டில் இருந்த தம்பி மகன் ஜன்னலை இறக்கி, ஒவ்வொரு முறையும் நிறுத்தச் சொல்லிச் சரி செய்துகொண்டே வந்தான். சமவெளி வந்த பிறகுதான் நன்றாக மூச்சு விட்டேன். போளூர், கண்ணமங்கலம், வேலூர். கரும்பு லாரிகள் பின்விளக்கு இல்லாமல் நிற்கும், இரவில் இந்தச் சாலையில் வேகம் வேண்டாம்.

எட்டரைக்கு வண்டியை ஒப்படைத்தேன். ஓடியது 284 கிலோமீட்டர். பெட்ரோல் சுமார் 1,600 ரூபாய். சுங்கக் கட்டணம் அவர்கள் ஃபாஸ்டேகில் போய், முன்பணத்தில் கழிந்தது. பின்பம்பரில் ஒரு கீறலைக் காட்டி 800 ரூபாய் பிடிப்போம் என்றார்கள். வெள்ளிக்கிழமை இரவு எடுத்த வீடியோவில் அதே கீறல், அதே இடம். காட்டியதும் விட்டுவிட்டார்கள், முகம் சுளிக்கவில்லை. வீடியோ எடுக்கச் சொன்ன அதே பையன்தான் பக்கத்தில் நின்று, “அக்கா சொல்றது கரெக்ட்டு” என்றான்.

ஸ்டெப்னிக்கும் கண்ணாடிக்கும் ஐந்தில் ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். மலைக்கு என்று சொல்லி எடுக்கும் வண்டியில் இவை இரண்டும் அவர்களே பார்த்து வைக்க வேண்டியவை என்று எழுதியும் கொடுத்தேன். கண்ணாடியை மாற்றிவிட்டதாகச் செவ்வாய்க்கிழமை படம் எடுத்து அனுப்பினார்கள். மீதி முன்பணம் திங்கட்கிழமை மதியமே வந்துவிட்டது. பள்ளிக்கு அந்தப் பொரித்த செதிலில் ஒரு தீப்பெட்டி நிறையக் கொண்டுபோனேன். ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு முழுக்க, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றினார்கள்.